உங்கட கையில ஆக நல்லா வாற பாட்டு எது? கிட்டார் பழகுற ஆக்களுக்கு முழுமையான வழிகாட்டி

கிட்டார் வச்சிருக்கிற ஆரையும் பிடிச்சு ‘நீ ஆக நல்லா வாசிக்கிற பாட்டு எது’ எண்டு கேட்டுப் பாருங்க, யோசிக்காமலே ஒரு பேர் வரும். எங்கட திருகோணமலைப் பக்கம் கனபேர் சொல்றது ‘இளைய நிலா’. 1982ல ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில வந்த பாட்டு, இளையராஜா இசை, எஸ்.பி.பி. குரல், கிட்டார் வாசிச்சது ஆர். சந்திரசேகர். இத்தனை வருசத்துக்குப் பிறகும் கிட்டார் வாங்கின பெடியன் முதல்ல தேடுறது அந்தத் தொடக்கத்தைத்தான், அதில பிழையே இல்ல, அவ்வளவு வடிவான வாசிப்பு அது. ஆனா சரி, பாட்டை முழுசா வாசி எண்டு கேட்டா முதல் 20 செக்கன் அழகா வரும், பாட்டு தொடங்குற இடத்தில கை நிக்கும், கோர்ட் (சேர்த்து அமத்தி ஒண்டா அடிக்கிற சுரக்கூட்டம்) தேடும், பிறகு ‘இவ்வளவுதான் தெரியும்’ எண்டு சிரிச்சுக்கொண்டு அடுத்த பாட்டின்ட தொடக்கத்துக்குப் போயிடும். பத்துப் பாட்டின்ட தொடக்கம் கையில இருக்கும், ஒரு பாட்டும் முழுசா இருக்காது.

நான் வச்சிருக்கிற அளவுகோல் ஒண்டுதான். வலது கை ஒரு இடத்திலயும் நிக்காம முதல்ல இருந்து கடைசி வரைக்கும் போற பாட்டு எதுவோ அதுதான் நீங்க ஆக நல்லா வாசிக்கிற பாட்டு. அது ரெண்டு கோர்ட் பாட்டா இருந்தாலும் சரி, சின்னப் பிள்ளையள் பாடுற பாட்டா இருந்தாலும் சரி. ஏனெண்டா கேக்கிற ஆக்கள் உங்கட இடது கை விரலைப் பார்க்கிறதில்ல, அவங்கட கால் தாளம் போடுது, அந்தத் தாளம் அறுந்தா அவங்களுக்கு உடன தெரியும், ஒரு கோர்ட் கொஞ்சம் மழுங்கினா அநேகம்பேருக்குத் தெரியவே தெரியாது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு பாட்டைக் கண்டுபிடிச்சு, அதை முழுசாக் கைக்குக் கொண்டு வாறதுக்குத்தான். இடக்கை ஆக்கள் நான் வலது எண்டு சொல்ற இடத்தில இடது எண்டு எடுங்க.

படி 1: எது நல்லா வருது எண்டு உண்மையாப் பாருங்க

ஒரு கொப்பியில உங்களுக்குத் தெரிஞ்ச பாட்டெல்லாம் எழுதுங்க, பாதி தெரிஞ்சதும் சேர்த்து. பிறகு ஃபோனை மேசையில வச்சு ரெக்கோர்ட் போட்டு ஒவ்வொண்டையும் முதல்ல இருந்து கடைசி வரை வாசிங்க. ஒரு கட்டுப்பாடு மட்டும், இடையில பிழைச்சா நிப்பாட்டித் திருப்பித் தொடங்கக் கூடாது, அப்பிடியே இழுத்துக்கொண்டு போகோணும். அண்டைக்கே கேக்க வேணாம், அடுத்த நாள் கேளுங்க. வாசிக்கிற நேரம் மனசு முழுக்க விரல்லதான் இருக்கும், அதால என்ன சத்தம் வருது எண்டு எங்களுக்கே சரியா விளங்காது, ஒரு நாள் விட்டுக் கேட்டா வேற ஒரு ஆள் வாசிக்கிறதைக் கேக்கிற மாதிரிக் கேக்கலாம்.

கேக்கேக்க கோர்ட் பிழையை எண்ண வேணாம். வலது கை நிண்ட இடங்களை மட்டும் எண்ணுங்க. ஆகக் குறைச்சலா நிண்ட பாட்டு எதுவோ அதுக்குப் பக்கத்தில ஒரு கோடு போடுங்க. நீங்க பெருமையாச் சொல்லிக்கொண்டு திரிஞ்ச பாட்டுக்கு அந்தக் கோடு வராம, எப்பவோ பழகிப்போட்டு விட்ட ஒரு சின்னப் பாட்டுக்கு வரக்கூடும். கவலைப்பட வேணாம், அந்தச் சின்னப் பாட்டிலதான் உங்கட கைக்குள்ள ஏற்கனவே ஏதோ ஒண்டு சரியா இறங்கி இருக்கு, அதை வச்சுக்கொண்டுதான் மற்றதெல்லாம்.

இன்னும் ஒரு பாட்டும் முழுசாத் தெரியாது எண்ட ஆக்கள் தெரிவு செய்யேக்க மூண்டு விசயம் பாருங்க. சொற்கள் பாக்காமலே வாயில வரோணும். கோர்ட் மாறுறது ஒரு சுத்துக்கு, அதாவது தாளத்தின்ட நாலு இல்லாட்டி ஆறு எண்ணிக்கைக்கு, ஒருக்கா எண்ட அளவில இருக்கோணும். வேகம் கூடாததா இருக்கோணும். பிடிச்ச பாட்டு எண்டதும் முக்கியம்தான், ஏனெண்டா இதை நூறு தரத்துக்கு மேல வாசிக்கப் போறீங்க, பிடிக்காத பாட்டெண்டா பாதியில விட்டுடுவீங்க.

படி 2: கிட்டாரைச் சரிப்படுத்துங்க, கடற்கரை ஊர் இது

இதைக் கனபேர் கணக்கில எடுக்கிறதில்ல. கை சரியில்ல எண்டு நினைச்சுக்கொண்டு இருப்பாங்க, கிட்டார்தான் சரியில்லாம இருக்கும்.

பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தில குறுக்கால பதிச்சிருக்கிற உலோகக் கம்பிதான் ஃப்ரெட்) மேல கம்பி எவ்வளவு உயரத்தில நிக்குது எண்டு ஒரு அடிமட்டத்தை வச்சுப் பாருங்க. இரும்புக் கம்பிக் கிட்டார் எண்டா 2 தொடக்கம் 2.5 மில்லிமீட்டர் நல்லம். நாலு, அஞ்சு எண்டு போனா எந்த விரலுக்கும் நோகும், எஃப் கோர்ட் எல்லாம் கனவிலயும் வராது. பிரிட்ஜில, அதாவது உடம்பில கம்பியைக் கட்டுற கட்டையில, இருக்கிற வெள்ளைத் துண்டைக் கழட்டி அடிப்பக்கம் தேய்ச்சுக் குறைக்கலாம், ஆனா தேய்ச்சது திரும்பி வராது, அதால தெரிஞ்ச ஒரு ஆளிட்டக் குடுத்துச் செய்விக்கிறதுதான் நல்லம்.

கம்பி வாங்கேக்க (செட்டில இருக்கிற எண் ஆக மெல்லிசுக் கம்பியின்ட தடிப்பு) 12 எண்டு தொடங்குற செட்டை விட 10 இல்லாட்டி 11 எண்டு தொடங்குற செட் வாங்குங்க, மெல்லிசு, விரலுக்குச் சுகம். நைலோன் கம்பி போடுற கிளாசிக்கல் கிட்டாருக்கு மட்டும் ஒருநாளும் இரும்புக் கம்பி போடாதீங்க. சாதாரண இரும்புக் கம்பி ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுவை இழுக்கும், நைலோன் அதில பாதிக்குக் கிட்டத்தான், மெல்லிசாச் செய்த அந்த மரம் தாங்காம பிரிட்ஜோட கழண்டு வந்திடும்.

அடுத்தது உப்புக்காத்து. டச்சுக்குடாப் பக்கமோ உப்புவெளி நிலாவெளிப் பக்கமோ வீடு இருக்கிற ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல, யன்னல் கம்பியே கறல் பிடிக்குது, கிட்டார்க் கம்பி எம்மாத்திரம். வாசிச்சு முடிய ஒவ்வொரு கம்பியையும் மேலயும் கீழயும் காஞ்ச பருத்தித் துணியால துடைங்க, வாசிக்க முதல் கையைக் கழுவுங்க. கிட்டாரைக் கடல் பார்த்த சுவரில கொழுவி வைக்கிறது பாக்க வடிவு, ஆனா பையுக்குள்ள வைக்கிறதுதான் புத்தி. பைக்குள்ள ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பைக்கற் ரெண்டு போட்டு வைங்க, சப்பாத்துப் பெட்டியில வருமே அதுதான்.

கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல மரம் காயும், ஃப்ரெட் கம்பியின்ட நுனி விரல்ல குத்துற மாதிரி வெளியில தள்ளும். வாடை தொடங்கி மழை பிடிச்சா மரம் ஈரம் குடிச்சு ஊதும், கம்பி உயரும். ஒரே கிட்டார் ஆடியில ஒரு மாதிரியும் மார்கழியில இன்னொரு மாதிரியும் இருக்கிறது இதாலதான். வெயில்ல நிக்கிற வாகனத்துக்குள்ள மட்டும் விட்டுட்டுப் போகாதீங்க, பசை இளகி பிரிட்ஜ் எழும்பினா பிறகு அந்தக் கிட்டார் பழைய கிட்டார் இல்ல.

படி 3: பாட்டை உங்கட கட்டைக்குக் கொண்டு வாங்க

இதுதான் எல்லாத்திலயும் பெரிய படி, ஆறுதலா வாசிங்க.

படத்தில எஸ்.பி.பி.யோ ஜேசுதாசோ பாடின சுருதியிலயே நாங்களும் பாடோணும் எண்டு ஒரு சட்டமும் இல்ல. ஆனா நெட்டில கோர்ட்டைத் தேடினா அநேகமா அந்தச் சுருதியிலதான் போட்டிருப்பாங்க, அதை அப்பிடியே எடுத்து வாசிச்சா பல்லவி சரியா வரும், சரணத்தில குரல் ஏறாம முட்டும், குரல் முட்டினா மூச்சு நிக்கும், மூச்சு நிண்டா கையும் நிக்கும். கை நிக்கிறதுக்குப் பாதிக் காரணம் குரல்தான் எண்டு கனபேருக்குத் தெரியாது.

அதால முதல்ல கிட்டாரை வச்சிட்டு, பாட்டில ஆக மேல போற வரியை மட்டும் பாடுங்க, அநேகமா அது சரணத்திலதான் இருக்கும். கத்தாம, கழுத்து நரம்பு புடைக்காம எந்த உயரத்தில அந்த வரி வருதோ அதுதான் உங்கட இடம். பிறகு அதே உயரத்தில இருந்து பல்லவியைப் பாடி அது எந்த ஆதார சுருதியில நிக்குது எண்டு டியூனர் ஆப்பிலயோ ஹார்மோனியத்திலயோ பாருங்க.

கோயில் பஜனையில இருக்கிற ஹார்மோனியக்காரர் ஆரையும் தெரிஞ்சா ‘ஐயா எனக்கு எத்தனை கட்டை’ எண்டு கேளுங்க, ஒரு வரி பாடினா உடன சொல்லுவார். அந்தக் கட்டைக் கணக்கைக் கிட்டாருக்கு மாத்துறது லேசு. 1 கட்டை எண்டா சி, 2 எண்டா டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ. அரைக் கட்டை எண்டா ஒரு ஃப்ரெட் கூட, அதாவது ஒண்டரைக் கட்டை சி ஷார்ப், அஞ்சரை ஜி ஷார்ப். ஆம்பிளைக் குரல் அநேகமா ஒண்டு ரெண்டு கட்டைக்குக் கிட்டவும், பொம்பிளைக் குரல் நாலரை அஞ்சரைக்குக் கிட்டவும் நிக்கும்.

இப்ப கேப்போ, கழுத்தில ஒரு ஃப்ரெட்டில எல்லாக் கம்பியையும் சேர்த்து அமத்துற கவ்வி. ஒரு ஃப்ரெட் மேல போட்டா எல்லாக் கோர்ட்டும் அரைச் சுரம் ஏறும், அவ்வளவுதான் கணக்கு. உங்களுக்கு ரெண்டரைக் கட்டை எண்டா அது டி ஷார்ப், அதில நேரா வாசிக்கிறது பெரும்பாடு, ஆனா மூண்டாம் ஃப்ரெட்டில கேப்போ போட்டு சி குடும்பத்துக் கோர்ட்டையே (சி-யோட சேர்ந்து வாற எஃப், ஜி, ஏ மைனர் மாதிரி) பிடிச்சா அதே சத்தம் வரும். அஞ்சரைக் கட்டைக்குப் பாடுற தங்கச்சிமார் முதலாம் ஃப்ரெட்டில கேப்போ போட்டு ஜி குடும்பம் பிடிச்சாச் சரி.

கேப்போ போடுறது பழகுற ஆக்கள்ட வேலை எண்டு சில பேர் இளக்காரமாக் கதைப்பாங்க. ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ தெரியும்தானே, ஈகிள்ஸ் குழு 1976ல வெளியிட்ட இசைத்தட்டில வந்தது, நிலாவெளியில வெளிநாட்டு ஆக்கள் வாற ஹோட்டல்கள்ல வாசிக்கிற பெடியளிட்டக் கட்டாயம் கேக்கிற பாட்டு. அது பி மைனர்ல இருக்கிற பாட்டு, பி மைனரும் எஃப் ஷார்ப்பும் பார் கோர்ட், அதாவது ஒரு விரலாலயே பல கம்பியைக் குறுக்கால அமத்திப் பிடிக்கிற கோர்ட், கை களைச்சுப் போகும். அசல் பதிவிலயே அந்தத் தொடக்கக் கிட்டாரை ஏழாம் ஃப்ரெட்டில கேப்போ போட்டு ஈ மைனர் பிடியிலதான் வாசிச்சிருக்கிறாங்க. அப்பிடி வாசிச்சா வாற கோர்ட் ஈ மைனர், பி7, டி, ஏ, சி, ஜி, ஏ மைனர், பி7. ஒரு பார் கோர்ட்டும் இல்ல.

படி 4: எஃப் கோர்ட்டில மாட்டுப்பட்டு நிக்காதீங்க

பழகுற ஆக்கள் கிட்டாரை மூலையில வைக்கிறதுக்கு முதல் காரணம் எஃப், அதுவும் ஒரு பார் கோர்ட்தான். ஒரு பாட்டுக்கு சி, ஏ மைனர், எஃப், ஜி எண்டு கோர்ட் இருந்தா ரெண்டு வழி இருக்கு.

ஒண்டு, சின்ன எஃப் பிடிக்கிறது. ஆக மெல்லிசுக் கம்பிதான் முதலாம் கம்பி, சுட்டு விரலால முதலாம், ரெண்டாம் கம்பியை முதலாம் ஃப்ரெட்டில சேர்த்து அமத்துங்க, நடு விரல் மூண்டாம் கம்பி ரெண்டாம் ஃப்ரெட், மோதிர விரல் நாலாம் கம்பி மூண்டாம் ஃப்ரெட். மேல இருக்கிற தடிச்ச ரெண்டு கம்பியையும் அடிக்காம விட்டுடுங்க. பாட்டுக்கு இது தாராளமாப் போதும்.

மற்றது, குடும்பத்தையே மாத்துறது. சி, ஏ மைனர், எஃப், ஜி எண்டது ஜி குடும்பத்தில ஜி, ஈ மைனர், சி, டி எண்டு வரும், அஞ்சாம் ஃப்ரெட்டில கேப்போ போட்டா சுருதி அப்பிடியே பழைய இடம். ஏ மைனர், டி மைனர், ஈ எண்டு போற பாட்டையும் இப்பிடியே ஈ மைனர், ஏ மைனர், பி7 எண்டு மாத்தலாம், அதே அஞ்சாம் ஃப்ரெட்தான். பார் கோர்ட்டை ஒரு பக்கத்தால தனியாப் பழகுங்க, வேணாம் எண்டு சொல்லேல்ல, ஆனா அது வரும் வரைக்கும் பாட்டைக் காக்க வைக்க வேணாம்.

படி 5: வலது கை, வலது கை, வலது கை

இடது கையைக் கம்பி மேல சும்மா வச்சு அமத்தாம, ‘டக் டக்’ எண்டு செத்த சத்தம் வாற மாதிரி வச்சுக்கொண்டு வலது கையால மட்டும் தாளம் அடிங்க. ஒரு கோர்ட்டும் இல்ல. இந்த நிலையில பாட்டை மனசுக்குள்ள பாடிக்கொண்டு முழுப்பாட்டுக்கும் அடிக்க ஏலுமா எண்டு பாருங்க. ஏலாட்டி கோர்ட்டோட ஒருநாளும் ஏலாது.

நாலு எண்ணிக்கைப் பாட்டுக்கு ஆக உதவுற அடி இதுதான்: கீழ், கீழ் மேல், மேல் கீழ் மேல். இதில ரகசியம் என்னெண்டா கை எப்பவும் ஒரே வேகத்தில மேல கீழ போய்க்கொண்டே இருக்கோணும், அடிக்காத இடத்தில கம்பியில படாமக் காத்தில போகும், அவ்வளவுதான். அடிக்காத இடத்தில கையை நிப்பாட்டி வச்சுக் காத்துக்கொண்டு இருந்தா தாளம் உடையும்.

ஆறு எண்ணிக்கைப் பாட்டு வேற மாதிரி. 1 2 3 4 5 6 எண்டு எண்ணி ஒண்டிலயும் நாலிலயும் அழுத்தம். ஒண்டுக்கும் நாலுக்கும் தடிச்சக் கம்பியை மட்டும் தட்டி, மற்ற எண்ணிக்கைக்கு மெல்லிசுக் கம்பிகளை லேசாத் தடவினா பாட்டு தானா ஆடத் தொடங்கும். எங்கட தமிழ்ப் பாட்டுகள்ல இந்த ஆறு எண்ணிக்கை கனக்க இருக்கு, அதை நாலு எண்ணிக்கை அடியில போட்டு இழுக்கிறதாலதான் கனபேருக்கு ‘இந்தப் பாட்டு எனக்கு வருதில்ல’ எண்டு ஆகுது. பாட்டு வராததில்ல, அடி பிழை.

இந்த ஆறு எண்ணிக்கையைப் பழக எங்கட நாட்டுப் பைலாவை விட நல்ல வாத்தியார் இல்ல எண்டுதான் நான் சொல்லுவன். போத்துக்கேயர் காலத்தில இருந்து வந்த கப்ரிஞ்ஞா ஆட்டத்தின்ட தாளம் அது, இஞ்ச பாலையூற்றில இருக்கிற பறங்கியர் குடும்பங்களும் மட்டக்களப்புப் பறங்கியரும் கலியாண வீடுகள்ல அதைக் காப்பாத்திக்கொண்டு வந்திருக்கிறாங்க, 1940களில பைலாப் பாடகர் வொலி பஸ்டியன் அந்தத் தாளத்துக்குச் சிங்களச் சொல் போட்டுப் பாடத் தொடங்கின பிறகுதான் அது நாடு முழுக்கப் பரவினது. பிறகு எங்கட ஈழத்துப் பொப் வந்தது, நித்தி கனகரத்தினத்தின்ட ‘சின்ன மாமியே’ தெரியாத வீடு இல்ல. இந்த வகைப் பாட்டெல்லாம் அநேகமா ரெண்டு மூண்டு கோர்ட்டுக்குள்ள அடங்கும், அதால இடது கைக்கு வேலை குறைவு, முழுக் கவனமும் வலது கைக்குக் குடுக்கலாம். கூட இருக்கிற ஆக்களுக்குச் சொல்லும் தெரியும், கைதட்டும் தானா வரும். முதல் பாட்டு எதை எடுக்கலாம் எண்டு என்னட்டக் கேட்டா சினிமாப் பாட்டுக்கு முதல் இந்த வகையில ஒண்டைத்தான் சொல்லுவன்.

படி 6: கோர்ட் மாத்துற இடம்

ஒரு சின்னக் கணக்கு. நிமிசத்துக்கு 120 அடி வேகத்தில போற நாலு எண்ணிக்கைப் பாட்டில ஒரு சுத்துக்கு ஒரு கோர்ட் எண்டா நிமிசத்துக்கு 30 தரம் கோர்ட் மாறும். 60 அடி வேகம் எண்டா 15 தரம்தான். அப்ப ஃபோன்ல ஒரு நிமிசம் அலாரம் வச்சு ரெண்டு கோர்ட்டுக்கிடையில மாறி மாறிப் போய் எத்தனை தரம் சுத்தமா வருது எண்டு எண்ணுங்க. 30 வந்தா அநேகமான பாட்டுக்கு நீங்க தயார். 15 தான் வருது எண்டா மெதுவான பாட்டை எடுங்க, அதில வெக்கப்பட ஒண்டும் இல்ல.

மாறேக்க எல்லா விரலையும் தூக்காதீங்க. சி-யில இருந்து ஏ மைனருக்குப் போக மோதிர விரல் மட்டும் மாறினாப் போதும், மற்ற ரெண்டும் அசையாது. ஏ மைனர்ல இருந்து ஈ-க்குப் போக அதே வடிவத்தை ஒரு கம்பி மேல தள்ளினாச் சரி. ஜி குடும்பத்தில இன்னும் சுகமான ஒரு வழி இருக்கு, மோதிர விரலை ரெண்டாம் கம்பியிலயும் சின்ன விரலை முதலாம் கம்பியிலயும் மூண்டாம் ஃப்ரெட்டில ஒட்டின மாதிரியே வச்சுக்கொண்டு ஜி, சி, ஈ மைனர் மூண்டையும் மற்ற ரெண்டு விரலாலயே மாத்தலாம், டி-க்குப் போகேக்க சின்ன விரல் மட்டும் எழும்பும். அசல் சி, ஈ மைனரை விடக் கொஞ்சம் நிறைஞ்ச சத்தமா வரும், பாட்டுக்கு அது வடிவாத்தான் இருக்கும்.

அப்பிடியும் ஒரு இடத்தில விரல் போய்ச் சேரேல்ல எண்டா வலது கையை நிப்பாட்டாதீங்க, திறந்த கம்பியில, அதாவது இடது கையால அமத்தாத கம்பியில, ஒரு அடி அடிச்சுக்கொண்டே அடுத்த கோர்ட்டுக்குப் போங்க. பெரிய பெரிய வாசிப்புக்காரரும் மாறுற அந்தக் கடைசி அரை அடியில திறந்த கம்பியைத்தான் அடிக்கிறாங்க, வேகத்தில எங்களுக்குத் தெரியாது.

மெட்ரோனோம் ஆப் (ஒரே வேகத்தில ‘டிக் டிக்’ எண்டு தட்டுறது) ஒண்டு போட்டு 60ல தொடங்குங்க. ஒரு தரமும் நிக்காம முழுப்பாட்டும் வந்தா 5 கூட்டுங்க, நிண்டா 5 குறைங்க. ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் இருந்து அடுத்த கிழமை முழுக்க விடுறதை விட, தினமும் பின்னேரம் 15 நிமிசம் ஆயிரம் மடங்கு நல்லம். விரல் நுனி தடிச்சு வாறதுக்கும் அதுதான் வழி.

படி 7: பாடிக்கொண்டு வாசிக்கிறது

பாடாம வாசிச்சா வருது, பாடத் தொடங்கினாக் கை குழம்புது எண்டு எல்லாரும் சொல்லுவாங்க. ஒரே நேரத்தில ரெண்டையும் பழகுறதாலதான் அது. முதல்ல கோர்ட்டை ஒரு சுத்துக்கு ஒரே ஒரு தரம், கீழ ஒரு அடி மட்டும் அடிச்சுக்கொண்டு பாடுங்க. அது சுகமா வந்தா ரெண்டு அடி, பிறகு நாலு, அதுக்குப் பிறகுதான் முழு அடி. வாய்விட்டுப் பாட வெக்கமா இருந்தா மெட்டை முணுமுணுங்க, அதுவும் வேலை செய்யும். பாட விருப்பமே இல்லாத ஆக்களும் இருக்கிறாங்க, அவங்க வீட்டில பாடுற ஒராளைப் பிடிச்சுப் பக்கத்தில இருத்துங்க, அக்காவோ சித்தியோ ஆரெண்டாலும். குரலுக்குப் பின்னால போகப் பழகின கை தனிய வாசிச்சுப் பழகின கையை விட உறுதியா இருக்கும்.

‘என் இனிய பொன் நிலாவே’, 1980ல வந்த ‘மூடுபனி’ப் பாட்டு, ஜேசுதாஸ் பாடினது, படத்திலயே கதாநாயகன் கிட்டாரோட இருந்துதான் பாடுவார். இந்தப் படிக்கு நல்ல பாட்டு அது. குரல் ஆறுதலாப் போகும், வரிக்கும் வரிக்கும் இடையில மூச்சு எடுக்க இடம் இருக்கு, அந்த இடைவெளியில கையைக் கவனிக்கலாம். அதில வாற கிட்டார்த் துண்டுகளை எல்லாம் இப்போதைக்கு விட்டுட்டு அடிப்படைக் கோர்ட்டை மட்டும் ஓட்டிப் பாடுங்க.

படி 8: தொடக்க இசையைக் கடைசியாப் பழகுங்க

எல்லாரும் செய்யிறதுக்கு நேர்மாறு இது, தெரியும். ஆனா முழுப்பாட்டும் கைக்கு வந்த பிறகு தொடக்கத்தைப் பழகினா, அந்தத் தொடக்கம் எங்க போய்ச் சேரோணும் எண்டு கைக்குத் தெரியும், வேகமும் பாட்டின்ட வேகத்துக்கே வந்து நிக்கும். ‘இளைய நிலா’ மாதிரி ஒரு தொடக்கத்தை நாலு நாலு சுரமா வெட்டுங்க, ஒரு துண்டையும் அடுத்த துண்டின்ட முதல் சுரத்தையும் சேர்த்துப் பழகுங்க, அந்த ஒட்டுற இடத்திலதான் கை வழுக்கும். முதல்ல எந்தக் கம்பியை எந்த விரல் தட்டுது எண்டு முடிவெடுத்துட்டு அதை மாத்தாதீங்க, கட்டைவிரல் தடிச்ச மூண்டு கம்பிக்கும், சுட்டு விரல் மூண்டாம் கம்பிக்கும், நடு விரல் ரெண்டாம் கம்பிக்கும், மோதிர விரல் முதலாம் கம்பிக்கும். பிக் (கம்பியை அடிக்கிற சின்னத் தகடு) வச்சு வாசிக்கிற ஆக்களும் கீழ மேல எண்ட ஒழுங்கை முதலே எழுதி வைங்க. அசல் வேகத்தில பாதியில வடிவா வந்தாலே கேக்கிறதுக்கு அருமையா இருக்கும்.

படி 9: ஆக்களுக்கு முன்னால

அறைக்குள்ள வந்தது வெளியில வராது, அது எல்லாருக்கும் உள்ளதுதான், அதால வெளியில வாசிக்கிறதையும் ஒரு பயிற்சியா எடுங்க. முதல்ல வீட்டு ஆக்கள், பிறகு ரெண்டு கூட்டாளிமார், பிறகு டச்சுக்குடாக் கரையில பின்னேரம் கூடி இருக்கேக்க. கடற்கரையில காத்து சத்தத்தை அடிச்சுக்கொண்டு போகும், அதால காத்துக்கு முதுகு காட்டி இருங்க, விரலால தட்டுறதை விட்டுட்டு பிக்கால அடிங்க. குளிர் அறையில இருந்து எடுத்துக்கொண்டு வந்த கிட்டாரை உடன டியூன் பண்ணாதீங்க, வெளிச் சூட்டுக்குக் கம்பி நீண்டு சுருதி இறங்கும், ஒரு பத்து நிமிசம் பையை விட்டு வெளியில எடுத்து நிழல்ல வச்சிட்டு டியூன் பண்ணுங்க. மண்ணில கிட்டாரை வைக்கவே வேணாம்.

தொடங்க முதல் ரெண்டு சுத்து வெறும் தாளம் அடிங்க, பாடாம. அதில உங்கட வேகம் பிடிபடும், பயத்தில எல்லாரும் வேகமாத்தான் தொடங்குவாங்க, வீட்டில வாசிச்சதை விடக் கொஞ்சம் மெதுவாத் தொடங்கினா அது சரியான வேகமா இருக்கும். சொல் மறந்தா மெட்டை முணுமுணுத்துக்கொண்டு போங்க, கோர்ட் மறந்தா பல்லவிக் கோர்ட்டிலயே நிண்டு அடிங்க. கம்பி அறுந்தாலும் அது மெல்லிசு முதலாம் கம்பி எண்டா பாட்டை முடிச்சிட்டே மாத்தலாம். பிழைச்ச இடத்தில ‘சொறி’ எண்டு சொல்லி நிப்பாட்டிறதை மட்டும் விடுங்க, அந்தச் சொல்தான் எல்லாருக்கும் பிழையைக் காட்டிக் குடுக்குது.

அடுத்த பாட்டு

முதல் பாட்டு நிக்காம வந்த பிறகு ரெண்டாவதுக்கு அதே கோர்ட் குடும்பத்தில, ஆனா வேற தாளத்தில ஒண்டை எடுங்க. மூண்டாவதுக்கு அதே தாளம், வேற குடும்பம். ஒரு நேரத்தில ஒண்டைத்தான் மாத்தோணும், கோர்ட்டும் தாளமும் ரெண்டும் புதுசெண்டா கை திரும்ப நிக்கத் தொடங்கும். புதுப் பாட்டு பழகேக்க பழையதைக் கிழமைக்கு ரெண்டு தரமாவது முழுசா வாசிங்க, பழைய ரெக்கோர்டிங்கை அழிக்காம வைங்க, மூண்டு மாசத்துக்கு ஒருக்கா படி 1ல சொன்ன மாதிரித் திரும்ப எல்லாத்தையும் ரெக்கோர்ட் பண்ணிக் கோடு எந்தப் பாட்டுக்கு மாறி இருக்கு எண்டு பாருங்க. கேப்போ எந்த ஃப்ரெட், எந்தக் குடும்பம், எந்த வேகம் எண்டு ஒவ்வொரு பாட்டுக்கும் அந்தக் கொப்பியிலயே எழுதி வைங்க, ஆராவது திடீரெண்டு பாடச் சொன்னா தேடிக்கொண்டு இருக்கத் தேவையில்ல.